பூஜ்ஜியத்தில் உறையாத நீர்: நுண்துளைகளுக்குள் உறைதலும் உருகுதலும்

நான்கு நானோமீட்டர் அகலமுள்ள சிலிக்கா துளைக்குள் இருக்கும் பனிக்கட்டி, பூஜ்ஜியத்துக்குச் சுமார் 32 டிகிரி கீழேயே உருகிவிடுகிறது. ஏறத்தாழ 1 நானோமீட்டர் அகலமுள்ள கார்பன் நுண்குழாய்க்குள் அடைபட்ட நீரோ, 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் திண்மம் போன்ற நிலையில் இருப்பதாக 2016-இன் இறுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அடைபட்டது இரண்டிலும் நீர்தான், இரண்டும் மிகச் சிறிய இடங்கள்தான். ஆனால் உருகுநிலை ஒன்றில் கீழே இறங்கியிருக்கிறது, மற்றதில் மேலே ஏறியிருக்கிறது.

துளை சிறுத்தால் உருகுநிலை குறையும் என்பது அரைப்பாடம். துளையின் அளவு, விலகல் எவ்வளவு பெரிது என்பதைச் சொல்லும். அது எந்தத் திசையில் நிகழும் என்பதைச் சுவர் தீர்மானிக்கும். அளந்த எண் எதைக் குறிக்கிறது என்பதோ, பனிக்கட்டி துளைக்குள் எந்த வழியாக வந்தது, எந்த வழியாக வெளியேறியது என்பதைப் பொறுத்தது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் உருகுநிலையிலிருந்து நேராகத் துளையின் ஆரத்துக்குத் தாவும்போதுதான் இத்துறையில் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன.

வளைந்த பரப்புக்கு ஆகும் செலவு

திண்மமும் அதன் திரவமும் தொட்டுக்கொள்ளும் இடைமுகத்தை உருவாக்க ஆற்றல் வேண்டும். பனிக்கட்டிக்கும் நீருக்கும் இடையே அது ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 0.03 ஜூல். ஒரு குவளை நீரில் இந்தச் செலவு கணக்கிலேயே வராது, ஏனென்றால் கன அளவோடு ஒப்பிட்டால் பரப்பு அற்பம். ஆரம் நானோமீட்டர் அளவுக்குச் சுருங்கும்போது கன அளவு ஆரத்தின் மும்மடியாகக் குறைகிறது, பரப்போ இருமடியாக மட்டுமே குறைகிறது. அப்போது பனிக்கட்டியாக மாறிக் கிடைக்கும் ஆற்றல் ஆதாயம், பரப்பை உருவாக்கும் செலவுக்கு ஈடாகாது. வெப்பநிலையை இன்னும் தாழ்த்தினால்தான் கணக்கு நேராகும்.

இதைத்தான் கிப்ஸ்–தாம்சன் சமன்பாடு சொல்கிறது. அரைக்கோள முகப்புள்ள திண்மத்துக்கு, உருகுநிலைக் குறைவு = 2 × இடைமுக ஆற்றல் × வழக்கமான உருகுநிலை (கெல்வினில்) ÷ (உள்ளுறை வெப்பம் × திண்மத்தின் அடர்த்தி × ஆரம்).

நீரின் எண்களைப் போட்டுப் பார்க்கலாம். மேலே 2 × 0.03 × 273.15 = 16.39. கீழே ஒரு கிலோவுக்கு 3,34,000 ஜூல், ஒரு கன மீட்டருக்கு 917 கிலோ, பெருக்கினால் சுமார் 30.6 கோடி. வகுத்தால் வரும் மாறிலி சுமார் 53.5 கெல்வின்-நானோமீட்டர். ஆகவே ஆரம் 50 நானோமீட்டர் என்றால் குறைவு 1 டிகிரி சொச்சம், 10 என்றால் 5.4 டிகிரி, 5 என்றால் 10.7 டிகிரி. ஒரு மைக்ரோமீட்டர் ஆரமுள்ள துளையில் அது 0.05 டிகிரிதான். எனவே அடைபடுதலின் விளைவு என்று பேசத் தகுந்த எல்லை ஏறக்குறைய 100 நானோமீட்டருக்குக் கீழேதான் தொடங்குகிறது.

தனித்த துகள்களுக்கான இதே தர்க்கத்தைப் பாவ்லோவ் 1909-லேயே எழுதிவிட்டார். ஈயம், வெள்ளீயம், பிஸ்மத் ஆகியவற்றின் மெல்லிய படலங்கள் வழக்கத்தைவிடத் தாழ்ந்த வெப்பநிலையில் உருகுவதை எலக்ட்ரான் விளிம்பு விளைவு மூலம் தகாகி 1954-இல் காட்டினார். துளை வேறு, துகள் வேறு. துகளைச் சுற்றி வெற்றிடம் இருக்கலாம், துளையைச் சுற்றி எப்போதும் சுவர் உண்டு. அந்தச் சுவர்தான் கதையை மாற்றுகிறது.

சுவர் யாருக்குச் சாதகம்?

மேலே தந்த சமன்பாடு, சுவரைத் திரவமே முழுமையாக நனைக்கிறது என்று வைத்துக்கொள்கிறது. பொதுவாக எழுதினால், இடைமுக ஆற்றல் இருக்கும் இடத்தில் 'சுவர்–திண்மம்' ஆற்றலிலிருந்து 'சுவர்–திரவம்' ஆற்றலைக் கழித்து வரும் வேறுபாட்டை வைக்க வேண்டும். சுவர் திரவத்தை விரும்பினால் இந்த வேறுபாடு நேர்க்குறி பெறும், உருகுநிலை குறையும். சுவர் திண்மத்தை விரும்பினால் குறி மாறும், உருகுநிலை உயரும். இரண்டையும் ஒரேபோல நடத்தும் சுவரில் பெரிய மாற்றமே இராது.

சிலிக்கா, அலுமினா, துளைக்கண்ணாடி, சிமென்ட் பசை எல்லாமே ஹைட்ராக்சில் குழுக்கள் நிறைந்த பரப்புகள். நீர் மூலக்கூறுகள் அவற்றில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் பனிக்கட்டியின் ஒழுங்கான அடுக்குக்கு ஏற்றபடி ஒட்டிக்கொள்வதில்லை. சுவரை ஒட்டிய ஓரிரு மூலக்கூறு அடுக்குகள், ஏறக்குறைய 0.4 முதல் 0.8 நானோமீட்டர் தடிமனுக்கு, உறையாமலே நிற்கின்றன. பனிக்கட்டி உருவாவது அந்தப் படலத்துக்கு உள்ளே மட்டும்தான். அதனால் சமன்பாட்டில் ஆரத்தை அப்படியே போடாமல், படலத்தின் தடிமனைக் கழித்த ஆரத்தைப் போடுவது வழக்கம்.

இந்தப் படலத்தைச் சிறு திருத்தமாக நினைத்துவிடக் கூடாது. ஆரம் 4 நானோமீட்டர், படலம் 0.4 என்று கொண்டால், உருளைத் துளையில் உறையும் பங்கு (3.6 ÷ 4)-இன் வர்க்கம், அதாவது 81 சதவீதம். ஆரம் 2 என்றால் 64 சதவீதம்தான். உறையும்போது வெளிவரும் வெப்பத்தை வைத்துத் துளையின் கன அளவைக் கணிப்பவர் முதல் மாதிரியில் ஐந்தில் ஒரு பங்கையும், இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் தவறவிடுவார். போதாததற்கு, உள்ளுறை வெப்பமும் மாறாத எண் அல்ல. நீரின் வெப்ப ஏற்புத்திறன் பனிக்கட்டியைப்போல ஏறக்குறைய இரு மடங்கு என்பதால், வெப்பநிலை தாழத் தாழ உறைதல் வெப்பம் சுருங்கும். பூஜ்ஜியத்தில் கிராமுக்கு 334 ஜூல் என்பது –20 டிகிரியில் 290-ஐ ஒட்டி வந்துவிடும். துளைக்குள் அளக்கும்போது கிடைப்பது பெரும்பாலும் அதைவிடவும் குறைவு.

உள்ளே உருவாகும் பனிக்கட்டியும் நாம் அறிந்த அறுகோண வகை அல்ல. எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் அறுகோண அடுக்குகளும் கனசதுர அடுக்குகளும் கலைந்து கலந்த அமைப்புத்தான் தெரிகிறது. சுமார் 3 நானோமீட்டருக்கும் குறுகிய துளைகளில் தெளிவான உறைதல் என்று ஒன்றைக் காட்டுவதே கடினம். 2 நானோமீட்டர் துளைகள் கொண்ட எம்.சி.எம்.-41 என்ற செயற்கைச் சிலிக்காவில் நீர் –70 டிகிரிக்குக் கீழேயும் திரவமாகவே இருக்கிறது. மிகைக்குளிர்ந்த நீரை ஆராய்பவர்கள் இந்தப் பொருளைத் தேடிப் போவதற்குக் காரணமும் இதுதான்.

உறைவது ஓரிடத்தில், உருகுவது வேறிடத்தில்

நிரம்பிய துளையைக் குளிர்வித்து மீண்டும் சூடாக்கினால், உறையும் வெப்பநிலையும் உருகும் வெப்பநிலையும் ஒன்றாக இருப்பதில்லை. உறைதல் எப்போதும் தாழ்ந்த வெப்பநிலையில் நிகழும். காந்தவியலில் சொல்வதுபோல இதுவும் ஒரு தயக்க வளையம். இது கருவியின் குறையோ குளிர்விக்கும் வேகத்தால் வரும் பிழையோ அல்ல. மிக மெதுவாகச் செய்தாலும் வளையம் மறையாது.

உருளைத் துளையில் காரணத்தை வடிவவியலாலேயே சொல்லலாம். குளிரும்போது பனிக்கட்டி வெளியிலிருந்து துளையின் வாய் வழியாக நுழைகிறது. அதன் முகப்பு அரைக்கோளம், வளைவு 2 ÷ ஆரம். சூடாகும்போது துளை முழுக்கப் பனிக்கட்டி உருளை நிரம்பியிருக்கிறது, அதைச் சுற்றி உறையாத படலம் இருக்கிறது. அந்தப் படலம் தடித்துப் பனிக்கட்டியைக் கரைக்கும்போது இடைமுகம் உருளை வடிவம், வளைவு 1 ÷ ஆரம். ஆகவே உருகுதலில் காணும் குறைவு, உறைதலில் காணும் குறைவில் பாதி. இந்தப் பார்வையில் உறைதல்தான் சமநிலையை ஒட்டியது. உருகுதல், சமநிலையைத் தாண்டியும் பனிக்கட்டி தாக்குப்பிடித்துப் பிறகு சரிவது.

புரூனும் சகாக்களும் 1977-இல் வெளியிட்ட, இன்றும் பலர் எடுத்தாளும் உறவுகள் இதையே காட்டுகின்றன. உறைதலுக்கு: ஆரம் = 64.67 ÷ குறைவு + 0.57. உருகுதலுக்கு: ஆரம் = 32.33 ÷ குறைவு + 0.68. (ஆரம் நானோமீட்டரில், குறைவு கெல்வினில்.) ஆனால் ஒழுங்கான உருளைத் துளைகள் கொண்ட எம்.சி.எம்.-41, எஸ்.பி.ஏ.-15 சிலிக்காக்களில் ஷ்ரைபர், கெட்டெல்சன், ஃபின்டெனெக் ஆகியோர் 2001-இல் கண்டது வேறு. அவர்களுடைய உருகுதல் தரவுகளுக்குப் பொருந்திய மாறிலி 52.4, படலம் 0.38.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரிது என்று பாருங்கள். ஒரு மாதிரியைச் சூடாக்கி வரைந்த வளைகோட்டில், உருகுதல் மிகுந்து நிகழும் உச்சம் –12 டிகிரியில் வருகிறது. புரூன் உறவின்படி ஆரம் 3.4 நானோமீட்டர், மற்றதன்படி 4.75. அகலமாகச் சொன்னால் 6.8-ஆ, 9.5-ஆ? ஒரே வளைகோட்டிலிருந்து இவ்வளவு விலகிய இரண்டு விடைகள். ஒரு பகுதி காரணம், ஒவ்வொரு குழுவும் தன் ஒப்பீட்டுப் பொருளின் துளை அளவை எப்படி நிர்ணயித்தது என்பது. நைட்ரஜன் பரப்புக்கவர்தலிலிருந்து அளவைக் கணிக்கும் பழைய முறை இத்தகைய துளைகளைச் சுமார் ஒரு நானோமீட்டர் குறைத்தே காட்டும். மற்றொரு பகுதி, உருகுதல் துளையின் வாயிலிருந்து நகர்கிறதா, சுற்றுச்சுவரிலிருந்து நகர்கிறதா என்ற உண்மையான இயற்பியல் விவாதம். அது முடிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. எந்த மாறிலியைப் பயன்படுத்தினோம் என்று எழுதாமல் வெளியிடப்படும் துளை அளவு வரைபடத்துக்கு, மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதைத் தவிர வேறு பயன் இல்லை.

துளைகள் நேரான குழாய்களாக இல்லாதபோது வளையம் இன்னும் அகலமாகும். அகன்ற அறை, குறுகிய கழுத்து என்ற மைக்கூடு வடிவத்தை எடுத்துக்கொள்வோம். அறையின் அகலம் 15 நானோமீட்டர், கழுத்து 4. அறைக்குள் இருக்கும் நீர் –10 டிகிரிக்குள்ளேயே உறையத் தயார். ஆனால் அங்கே பனிக்கட்டி சென்று சேரக் கழுத்தைத் தாண்ட வேண்டும், அது –30 டிகிரியைக் கடந்தால்தான் நடக்கும். அதுவரை அறை நீராகவே காத்திருக்கும். உருகும்போது இந்தத் தடை இல்லை, அறை தன் அளவுக்கேற்ற வெப்பநிலையில் உருகிவிடும். எனவே உறைதல் வளைகோடு கழுத்தையும், உருகுதல் வளைகோடு அறையையும் சொல்கின்றன. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு துளை அளவு என்று பெயரிடுவது பாதித் தகவலைத் தூக்கி எறிவதாகும்.

கழுத்து மேலும் குறுகலாக இருந்தால் வேறொரு வழி திறக்கிறது. சுமார் –38 முதல் –40 டிகிரியில் நீர் எந்த வெளித்தூண்டலும் இல்லாமல் தானே பனிக்கரு உருவாக்கும். அப்போது அறைகள் வெளியிலிருந்து வரும் பனிக்கட்டிக்குக் காத்திராமல் ஒரே சமயத்தில் உறையும். வளைகோட்டில் அந்த இடத்தில் கூர்மையான ஓர் உச்சம் தெரியும். அது எந்தத் துளை அளவையும் குறிக்காது. அந்த வெப்பநிலையில் கருவின் மாறுநிலை ஆரம் எவ்வளவு என்று கணக்கிட்டால், அதே சமன்பாடு 53.5 ÷ 40, ஏறக்குறைய 1.3 நானோமீட்டர் என்கிறது. கருவே பிறக்க இடமில்லாத துளையில் தயக்கமும் மறைந்துபோவதில் வியப்பில்லை.

கலோரிமானியில் அளக்கும்போது

இந்த அளவீட்டுக்கு டி.எஸ்.சி. எனப்படும் வருடு கலோரிமானியே பரவலான கருவி. முறை எளிது, கெடுவதும் எளிது.

உலர்ந்த சிலிக்கா மாதிரி 10 மில்லிகிராம், அதன் துளைக் கன அளவு கிராமுக்கு 0.8 கன சென்டிமீட்டர் என்று கொள்வோம். துளைகளை நிரப்ப 8 மில்லிகிராம் நீர் வேண்டும். அதற்கு மேல் 2 முதல் 4 மில்லிகிராம் கூடுதலாக விட வேண்டும். அயனி நீக்கி, காற்று நீக்கிய நீர் தேவை. காற்றுப்புகாத மூடி போட்டு அழுத்திய கிண்ணத்தை அளவீட்டுக்கு முன்னும் பின்னும் எடைபோட வேண்டும். எடை குறைந்திருந்தால் மூடி கசிகிறது, அந்தத் தரவைத் தள்ளிவிடலாம்.

கூடுதல் நீரைத் தவிர்க்கப் பலர் ஆசைப்படுவார்கள், ஏனென்றால் அதன் பெரிய உச்சம் பூஜ்ஜியத்தில் நின்று கண்ணை உறுத்துகிறது. ஆனால் அதுதான் விதைப் பனிக்கட்டி. அது இல்லாவிட்டால் துளைக்குள் நுழைய வெளியே பனிக்கட்டியே இருக்காது. மாதிரி முழுவதும் மிகைக்குளிர்ந்து, –20-க்கும் –40-க்கும் இடையே எங்கோ ஓரிடத்தில் ஒரேயடியாக உறைந்துவிடும். அந்த வளைகோட்டிலிருந்து துளை அளவைக் கணக்கிட்டால், வருவது தற்செயலான ஓர் எண்.

எனவே வரிசை இப்படி அமையும். முதலில் –60 டிகிரி வரை வேகமாகவே, நிமிடத்துக்கு 5 அல்லது 10 டிகிரி வீதம், குளிர்வித்து எல்லாவற்றையும் உறைய வைக்க வேண்டும். பிறகு –0.5 டிகிரிக்குச் சூடாக்கிப் பத்து நிமிடம் நிறுத்த வேண்டும். துளைக்குள் இருப்பது உருகிவிடும், வெளியே இருக்கும் பனிக்கட்டி மட்டும் மிஞ்சும். (சுமார் 100 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஆரமுள்ள துளைகளும் உறைந்தே இருக்கும். அவற்றை இந்த முறை பார்க்காது.) அங்கிருந்து நிமிடத்துக்கு அரை டிகிரி வீதம் –60 வரை குளிர்விப்பது உறைதல் வளைகோடு. அதே வேகத்தில் +5 வரை சூடாக்குவது உருகுதல் வளைகோடு. கூடுதல் நீர் உருகத் தொடங்கும் இடம் சரியாகப் பூஜ்ஜியத்தில் வர வேண்டும். வராவிட்டால் வெப்பநிலை அளவுதிருத்தம் பிசகியிருக்கிறது. குறைந்த வெப்பநிலைப் பகுதியில் சரிபார்க்கப் பாதரசத்தின் உருகுநிலை (–38.8) உதவும். வளையஹெக்சேன் அதைவிட வசதி: –87 டிகிரியில் திண்ம நிலைக்குள்ளேயே ஒரு மாற்றம், 6.5 டிகிரியில் உருகுதல் என இரண்டு புள்ளிகள் கிடைக்கும்.

வேகத்தைப் பாதியாக்கி மீண்டும் ஓட்டிப் பார்ப்பது கட்டாயம். உச்சம் நகர்ந்தால், முன்பு பார்த்ததில் ஒரு பகுதி வெப்பப் பின்தங்கல். மெதுவாக்கினால் சமிக்ஞை பலவீனமாகும் என்பது உண்மைதான். அதற்காக வேகத்தை ஏற்றுவது, துல்லியத்தை விற்றுத் தெளிவை வாங்குவது.

கரைந்த உப்பு பெரிய துளைகளைப்போல வேடமிடும். கிலோ நீரில் 0.1 மோல் சோடியம் குளோரைடு இருந்தாலே உறைநிலை 0.37 டிகிரி இறங்கும். அது 140 நானோமீட்டரை ஒட்டிய ஆரமுள்ள துளை தரும் குறைவுக்குச் சமம். உறையும்போது உப்பு பனிக்கட்டியிலிருந்து வெளியே தள்ளப்பட்டு எஞ்சிய நீரில் செறிவதால் குழப்பம் கூடிக்கொண்டே போகும். மண், சிமென்ட், உயிரியல் திசுக்களில் இந்தத் திருத்தம் இல்லாமல் எதையும் சொல்ல முடியாது.

மென்மையான ஜெல்களில் வேறு சிக்கல். பனிக்கட்டி வலையை நெரித்துத் தனக்கு இடம் உண்டாக்கிக்கொள்ளும், அளக்கப்படுவது அந்தப் புதிய இடம். இரண்டாம் சுற்றின் வளைகோடு முதலாவதோடு பொருந்தாவிட்டால் மாதிரி சிதைந்துகொண்டிருக்கிறது என்று அறியலாம். எம்.சி.எம்.-41-இன் மெல்லிய சுவர்களும் நீரில் நெடுநேரம் ஊறினால் கரைந்து பலவீனமாகும்.

என்.எம்.ஆர். வழி

ஸ்ட்ரேஞ்ச், ரஹ்மான், ஸ்மித் ஆகியோர் 1993-இல் முன்வைத்த என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) முறை வெப்பத்தை அளப்பதில்லை, திரவத்தின் அளவையே அளக்கிறது. திண்மத்தின் காந்தச் சமிக்ஞை பத்து மைக்ரோவிநாடிகளின் அளவிலேயே மங்கிவிடும், திரவத்தினது பல மில்லிவிநாடி நீடிக்கும். சில மில்லிவிநாடி கழித்துக் கேட்டால் திரவம் மட்டுமே பதில் சொல்லும். முழுக்க உறைய வைத்து, படிப்படியாகச் சூடாக்கி, ஒவ்வொரு படியிலும் சமநிலை வரும்வரை காத்திருக்கலாம். கலோரிமானியால் இது முடியாது, அதற்கு வெப்பம் ஓடிக்கொண்டே இருந்தால்தான் சமிக்ஞை. உள்ளுறை வெப்பம் எவ்வளவு குறைந்தது என்ற கேள்வியே இங்கு எழாது. வெப்பநிலை தாழ்ந்தால் காந்தச் சமிக்ஞை வலுக்கும் என்பதை மட்டும் திருத்திக்கொள்ள வேண்டும்.

நீருக்குப் பதிலாக வளையஹெக்சேனை நிரப்பினால் மாறிலி சுமார் மூன்று மடங்காகும், ஆகவே பெரிய துளைகளையும் அளக்கலாம். அதன் உள்ளுறை வெப்பம் கிராமுக்கு 32 ஜூல்தான், நீரில் பத்தில் ஒரு பங்கு. குறைவைப் பெரிதாக்குவதும் கலோரிமானிச் சமிக்ஞையைச் சிறிதாக்குவதும் இதே சிறுமைதான். அதனால் இந்தத் திரவம் என்.எம்.ஆருக்குப் பொருந்துமளவு டி.எஸ்.சி.க்குப் பொருந்தாது. மாதிரியை முன்கூட்டியே நன்றாக உலர்த்தாவிட்டால் எஞ்சிய ஈரம் சுவரைப் பிடித்துக்கொண்டு வளையஹெக்சேனை நடுவே தள்ளிவிடும், துளை இருப்பதைவிடக் குறுகலாகத் தெரியும்.

எந்த முறையானாலும் வெப்பநிலைப் பிழை ஆரத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகும். 0.05 டிகிரி பிழை, 5 நானோமீட்டர் ஆரத்தில் 0.02 நானோமீட்டர்தான். 50-இல் அது 2.4, 100-இல் 9-ஐத் தாண்டும். பெரிய துளைப் பகுதியில் தெரியும் மேடுகளை நம்பாமல் இருப்பதே நல்லது.

உருகுநிலை ஏறும் துளைகள்

கார்பன் சுவர் சிலிக்காவிலிருந்து வேறுபட்டது. தளமான, அடர்ந்த அணு அடுக்குகள் சில மூலக்கூறுகளைத் திண்ம ஒழுங்கிலேயே அடுக்க உதவுகின்றன. கார்பன் டெட்ராகுளோரைடு வழக்கமாக 250 கெல்வினில் உருகும். சுமார் 1.1 நானோமீட்டர் பிளவுகள் கொண்ட கிளர்வுற்ற கார்பன் இழைகளில் அது 299 கெல்வினிலேயே உறைவதைக் கனேகோவின் குழுவினர் 1990-களின் இறுதியில் கண்டார்கள். அறை வெப்பநிலையில் திண்மம்! மூலக்கூறுகள் தங்களுக்குள் கொள்ளும் ஈர்ப்போடு ஒப்பிட்டால் சுவரின் ஈர்ப்பு எத்தனை மடங்கு என்ற ஒரே விகிதத்தை அச்சாக வைத்து, எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று கபின்ஸ் குழுவினர் வரைபடமாகவே தொகுத்தார்கள். உலோகங்களிலும் இப்படித்தான்: அலுமினியத்துக்குள் படிகத் தளங்கள் பொருந்தியபடி பதிந்த ஈயத் துகள்கள், ஈயத்தின் 327 டிகிரியைத் தாண்டியும் திண்மமாக நிற்கும்.

எம்.ஐ.டி.யின் நுண்குழாய் ஆய்வு இன்னும் ஒரு படி தள்ளி நிற்பது. 1.05 நானோமீட்டர் குழாயில் மாற்றம் 105-க்கும் 151-க்கும் இடையே, 1.06 நானோமீட்டரில் 87-க்கும் 117-க்கும் இடையே என்றார்கள். 0.01 நானோமீட்டர் வேறுபாட்டுக்கு இவ்வளவு நகர்வு என்றால், ஆரத்தின் தலைகீழ் விகிதம் என்ற எளிய விதி அங்கே செல்லாது என்று பொருள். அந்த அளவில் இடைமுகம், பரப்பாற்றல் போன்ற சொற்களுக்கே தெளிவான பொருள் இல்லை. குழாயின் குறுக்கே நிற்பதே இரண்டு மூன்று மூலக்கூறுகள்தான். அதனால் அவர்களே அதைப் பனிக்கட்டி என்று அடித்துச் சொல்லாமல் பனிக்கட்டி போன்ற நிலை என்றார்கள். அந்த எச்சரிக்கை செய்தித் தலைப்புகளில் காணாமல் போய்விட்டது.

கான்கிரீட்டும் மண்ணும்

நடைமுறையில் இந்த இயற்பியலின் விலையைக் கொடுப்பவை கட்டடங்களும் சாலைகளும். நீர் உறைந்தால் 9 சதவீதம் விரிகிறது, அதனால் கான்கிரீட் உடைகிறது என்பது பரவலான விளக்கம். விரிவுக்குப் பங்கு உண்டு. துளைகள் 91.7 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருந்தால் விரிய இடமில்லை. ஆனால் உறையும்போது சுருங்கும் பென்சீனை நிரப்பிய சிமென்ட் பசையும் விரிந்தது. ஸ்டீபன் டேபர் 1930 வாக்கில் பென்சீனிலும் நைட்ரோபென்சீனிலும் ஊறிய மண் உறையும்போது மேலெழும்பியதைக் காட்டினார். 2000-இல் திண்ம ஆர்கானிலும் அதே எழும்பல் அளக்கப்பட்டது. விரிவு மட்டுமே காரணம் என்றால் இவை எதுவும் நடந்திருக்கக் கூடாது.

இயக்குவது உறையாத படலம். சுவருக்கும் பனிக்கட்டிக்கும் இடையே திரவம் இருக்கும்வரை பனிக்கட்டி அதிலிருந்து வளரலாம், வளர்ந்து சுவரைத் தள்ளலாம். பூஜ்ஜியத்துக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் அது தரக்கூடிய அழுத்தம் சுமார் 1.1 மெகாபாஸ்கல். 10 நானோமீட்டர் ஆரமுள்ள துளையில் –5.4 டிகிரியில் அது 6 மெகாபாஸ்கலை எட்டும். கான்கிரீட்டின் இழுவலிமையோ பெரும்பாலும் 2 முதல் 5 மெகாபாஸ்கல்.

சிமென்ட் பசைக்குள் ஓரிரு நானோமீட்டர் அளவுள்ள ஜெல் துளைகளும் அவற்றைவிடப் பல மடங்கு அகன்ற நுண்புழைத் துளைகளும் கலந்திருக்கின்றன. அகன்றவற்றில் –10 டிகிரிக்குள் பனிக்கட்டி பிடித்துவிடும். ஜெல் துளைகளின் நீர் சுமார் –78 டிகிரி வரை உறையாது என்று கான்கிரீட் ஆய்வாளர் பவர்ஸ் கணித்தார். உறையாத அந்த நீர் பனிக்கட்டியை நோக்கி இழுக்கப்பட்டு அதை வளர்க்கும். கான்கிரீட்டில் வேண்டுமென்றே நுண்குமிழ்களைச் சேர்ப்பது இதற்குத்தான். குமிழ் வெறும் விரிவிடம் அல்ல, பனிக்கட்டி அழுத்தமின்றி வளரவும் சுற்றியுள்ள பசையிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளவும் அது இடம் தருகிறது. மொத்தக் காற்று 4 முதல் 7 சதவீதம் என்பது வழக்கமான இலக்கு. ஆனால் அந்த எண்ணைவிட முக்கியமானது இடைவெளிக் காரணி: பசையின் எந்தப் புள்ளியிலிருந்தும் அருகிலுள்ள குமிழ் 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 6 சதவீதக் காற்று சில பெரிய குமிழ்களாகத் திரண்டிருந்தால் சோதனையில் தேறும், குளிரில் தேறாது. அதிக நேரம் அதிர்வூட்டுவதும், நீண்ட குழாய் வழியே அழுத்தத்தில் ஏற்றுவதும் சிறு குமிழ்களைத்தான் முதலில் அழிக்கும்.

பனியுருக்க உப்புத் தூவிய பரப்புகளில் செதில் உதிர்வு மிக மோசமாவது சுமார் 3 சதவீதக் கரைசலில்தான், அதைவிடச் செறிந்த கரைசலில் அல்ல. ஏ.எஸ்.டி.எம். சி 666 என்ற அமெரிக்கத் தரநிலைச் சோதனை 4 டிகிரிக்கும் –18-க்கும் இடையே 300 சுற்று வரை ஓட்டி, அதிர்வு வழி அளக்கும் மீள்தன்மைக் குணகம் தொடக்க மதிப்பில் 60 சதவீதத்துக்கு இறங்குகிறதா என்று பார்க்கும். உண்மையான கட்டுமானங்கள் குளிர்வது இதைவிட மெதுவாக என்பதால் இந்தச் சோதனை கடுமையானது என்ற விமர்சனம் நியாயமே.

மண்ணில் மோசமானது வண்டல். மணலின் துளைகள் பெரியவை, உறிஞ்சும் விசை போதாது. களிமண்ணின் துளைகள் போதுமான விசை தரும், ஆனால் நீர் அவற்றினூடே மெல்லத்தான் ஊர்ந்து வரும். வண்டலில் விசையும் ஓட்டமும் சேர்ந்திருப்பதால் கீழிருந்து நீர் ஏறி ஏறிப் பனி வில்லைகளாகத் தடிக்கும், சாலை தூக்கிக்கொள்ளும். வசந்தத்தில் அவை மேலிருந்து உருகும்போது நீர் கீழே வடிய வழியின்றி அடித்தளம் சேறாகிவிடும், சாலை நொறுங்குவது பெரும்பாலும் அப்போதுதான். மண் பொறியியலாளர் காசகிராண்டே 1931-இல் தந்த அளவுகோல் இன்றும் பயனில் இருக்கிறது: பல அளவுத் துகள்கள் கலந்த மண்ணில் 0.02 மில்லிமீட்டரைவிடச் சிறியவை 3 சதவீதத்துக்கு மேல் இருந்தாலோ, ஒரே சீரான மண்ணில் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தாலோ எழும்பலை எதிர்பார்க்க வேண்டும். அத்தகைய மண்ணை உறை ஆழம் வரை தோண்டி எடுத்துக் கரடான சரளையால் நிரப்புவார்கள். அல்லது நுண்புழை ஏற்றத்தை வெட்டும் ஓர் அடுக்கை இடையில் போடுவார்கள். எழும்பலுக்கு மூன்று தேவை: உறையும் வெப்பநிலை, நுண்ணிய மண், வந்துகொண்டே இருக்கும் நீர். முதலாவதை மாற்ற முடியாது. மற்ற இரண்டில் ஒன்றைத் துண்டித்தால் போதும்.